சுகந்தி நெல் துழாவிய ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சாலவாக்கம் தாண்டி, ஏரிக்கரை வளைவில் வண்டி மெதுவாகத் திரும்பியபோது புழுங்கல் நெல் வாசம் உள்ளே வந்தது. வெந்த நெல்லின் அந்தப் புளித்த ஆவி. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். நீ இருந்திருந்தால், "அண்டாவை இறக்கிட்டாங்கடி" என்று சொல்லியிருப்பாய். நீ போன பிறகு வந்த மழைகூட இன்னும் முழுசாக விடவில்லை. என்ன நினைத்தேனோ, சீட்டு வாங்கிய ஊர் வருவதற்கு முன்பே, நம் பழைய ஊரில் இறங்கிவிட்டேன்.

நாம் இருவரும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். ஊருக்குக் கரண்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கரண்டோடு நெல் மில்லும் வந்திருந்தது. மில்காரர் வீட்டின் பின்கட்டில் ஓர் அறையும், சமைக்க ஒரு தடுப்பும் நமக்கு வாடகைக்குக் கிடைத்தன. வயதில் பெரிய வித்தியாசமில்லை. நீ என்னைவிடச் சற்று உயரம். அதனாலேயே ஊருக்கு நீ பெரிய டீச்சர், நான் சின்ன டீச்சர்.

மில்காரரின் மருமகள் சரோஜா காஞ்சிபுரத்தில் எட்டாவது வரை படித்தவள். அவளுக்காக ஒரு வாரப் பத்திரிகை பஸ் கண்டக்டர் கையில் வரும். அவள் படித்து முடித்ததும் கொல்லைக் கதவு வழியாக நம்மிடம் வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ அதை எடுத்துக்கொண்டு மில்லின் களத்துக்குப் போவாய். படிக்கத் தெரியாத பெண்களுக்குத் தொடர்கதையை வாய்விட்டுப் படித்துக் காட்டுவதற்காக.

அந்தப் படிப்புக்கு ஒரு தனி ஒழுங்கு இருந்தது. வெந்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிவிட்டால் பெண்களுக்கு ஓய்வு என்று அர்த்தமில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வரிசையாக நின்று, காலால் துழாவிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க வேண்டும். அடிநெல் மேலே வரவேண்டும், மேல்நெல் அடியில் போகவேண்டும். துழாவி முடித்தால் அடுத்த துழாவல் வரை புங்கமரத்தடியில் உட்காரலாம். அந்த இடைவெளிகளில்தான் நீ படித்தாய். கதாநாயகி கண்ணீரோடு வாசற்படியில் கால் வைத்திருப்பாள். களத்துப் பெண்களில் வாயாடியான அஞ்சலை புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு எழுந்திருப்பாள்.

"நீ அங்கியே நில்லுடி சுகந்தி. நாங்க நெல்ல துயாவிட்டு வந்துர்றோம்."

அவர்கள் வரும்வரை சுகந்தி படியிலேயே நிற்பாள்.

சுகந்தி என்பது அந்தத் தொடர்கதையின் நாயகி. சென்னையில் ஒரு வக்கீலின் மனைவி. பங்களா, கார், சாவிக்கொத்தோடு ஒரு மாமியார். யாரோ சொன்ன கோள்பேச்சை நம்பிப் புருஷன் அவளைச் சந்தேகப்படுகிறான். அவளோ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறாள். எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. களத்தில் அப்படி இல்லை.

"எனக்கு அந்த மாமியாக்காரியத்தான் புடிச்சிகீது" என்றாள் அஞ்சலை. "சாவிய இடுப்புல சொருவிக்கினு இன்னாமா பேசறா! உங்க சுகந்தி வாயத் தொறந்தா அயுவுறா, மூடுனா அயுவுறா."

"அவ பொறுமைசாலி, அஞ்சலை" என்றேன்.

"எங்க வூட்டு எருமகூடத்தான் பொறுமைசாலி, டீச்சர். அது மேல எவனாச்சும் கத எய்தினானா?"

நீ சிரித்த சிரிப்பில் பத்திரிகை கையிலிருந்து நழுவி விழுந்தது.

அதைப் பற்றி நாம் அறைக்குள் வந்தும் சண்டை போட்டோம். வலிமையான பெண் என்றால் யார் என்பது சண்டை. நான் வகுப்பில் சொல்வதுபோல உனக்கும் உதாரணம் சொன்னேன்: பூமியைப் பார், எத்தனை வெட்டினாலும் தாங்குகிறது, ஒரு நாள் அசைந்தால் ஊரே தாங்காது, சுகந்தியும் அப்படித்தான் என்றேன். நீ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாய்: "கதை எழுதறவங்களுக்குப் பொம்பளைன்னா ரெண்டு வேலைதான்டி தெரியும். தாங்கறது, இல்லேன்னா சாகறது."

களத்தில் ஒருத்தி மட்டும் எந்தச் சண்டையிலும் சேரமாட்டாள். கன்னியம்மா. அவளுடைய கைக்குழந்தை புங்கங்கிளையில் கட்டிய தூளியில் தூங்கும். புருஷன் வண்டி ஓட்டுகிறவன். வேறொருத்தியை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டு, அதற்கு நியாயம் வேண்டுமே என்று, கன்னியம்மாவின் நடத்தை சரியில்லை எனத் தெருவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். அவளுடைய அண்ணன்மார்களும் "கம்னு கெட" என்று சொல்லிவிட்டார்கள். அவள் களத்தில் பேசுவது வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி. நீ பத்திரிகையை மடித்ததும் கேட்பாள்:

"அந்தப் பொண்ணு இன்னா பண்ணப் போவுது, டீச்சர்?"

"அடுத்த வாரம் பார்க்கலாம், கன்னியம்மா" என்பாய் நீ.

ஒரு நாள் அஞ்சலை தண்ணீர் கேட்டுக் கொல்லைப் பக்கம் வந்தாள். மில்காரர் வீட்டில் அவர்களுக்குத் தூக்கித்தான் ஊற்றுவார்கள்; நீ செம்பையே அவள் கையில் கொடுத்தாய். குடித்துவிட்டு, கேலி எல்லாம் போன குரலில் சொன்னாள்.

"டீச்சர், பொயுது சாஞ்சா கன்னியம்மா ஏரிக்கரைல போயி நின்னுக்குது. நாந்தான் தெனமும் போயி இட்டாறேன். நேத்து இன்னா சொல்லுது தெரியுமா? 'சுகந்தி இன்னா பண்ணுதோ அதயே நானும் பண்ணிடறேங்கா. அதுவும் என்னிய மாதிரிதான கெட்ட பேரோட கீது'ன்னு சொல்லுது."

உன் முகம் அன்றைக்கு எப்படி ஆயிற்று என்று எனக்கு இப்போதும் தெரியும்.

அதற்கடுத்த சனிக்கிழமை கடைசி அத்தியாயம் வந்தது. சரோஜா கண் சிவக்க அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான்தான் முதலில் படித்தேன். சுகந்தி வெள்ளம் போகும் ஆற்றில் இறங்கிவிடுகிறாள். புருஷன் கரையில் விழுந்து புரண்டு அழுகிறான். ஊர்ப் பெண்கள் அந்தக் கரையில் விளக்கேற்றி அவளைக் கும்பிடுகிறார்கள். "என்ன ஒரு முடிவு! கடைசியில் அவள்தானே ஜெயித்தாள்" என்று உன்னிடம் நீட்டினேன்.

நீ நின்றபடியே படித்தாய். படித்துவிட்டுப் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்தாய். அதுவரை நீ உன் அக்காவைப் பற்றி என்னிடம் சொன்னதே இல்லை.

"எங்க அக்கா குளத்துல விழுந்து செத்துப்போனவ. அவதான் இப்போ எங்க வீட்டுத் தெய்வம், பூவாடைக்காரி. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னாடி அவளுக்குப் புதுப் புடவை வெச்சுப் படைக்கிறோம். எங்க அம்மா விழுந்து கும்பிடறா. உயிரோட இருந்தப்போ அவளுக்கு ஒரு மாத்துப் புடவை கிடையாதுடி. ராத்திரி துவைச்சு, அரைகுறையா காஞ்சதை விடிகாலையில கட்டிப்பா."

"அப்படின்னா நாளைக்குப் படிக்காதே" என்றேன்.

"படிக்கலேன்னா கன்னியம்மா தானா ஒரு முடிவு வெச்சுப்பா."

மறுநாள் களத்துக்கு உன் பின்னால் நடந்தேன். நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. உனக்கே தெரியாது என்றுதான் இப்போது தோன்றுகிறது. அன்றைக்குப் பார்த்து சரோஜாவும் வந்திருந்தாள். கடைசி அத்தியாயத்தை உன் குரலில் கேட்கவேண்டும் என்று ஆசை. சற்றுத் தள்ளி, நெல் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். அச்சில் என்ன இருக்கிறது என்பதை வரிக்கு வரி அறிந்தவள்.

ஆற்றங்கரை வரை நீ அச்சில் இருந்ததையே படித்தாய். சுகந்தி கரையில் நிற்கிறாள், காற்று அடிக்கிறது, தண்ணீர் சுழித்துப் போகிறது. அங்கே உன் கண் பக்கத்தை விட்டு மேலே வந்தது.

"வெகுநேரம் நின்றாள். அப்போது அவளுக்குப் பசித்தது" என்று படித்தாய்.

அப்படி ஒரு வாக்கியம் அதில் இல்லை. சரோஜா சட்டென்று நிமிர்ந்தாள்.

சுகந்தி கரையைவிட்டுத் திரும்பினாள். பங்களாவுக்குப் போகவில்லை. வழியில் ஒரு குடிசையில் அவளுக்குக் கூழ் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். விடிந்ததும் எழுந்து முகம் கழுவினாள். ஊர் முந்தின நாள் பேசியதையே அன்றைக்கும் பேசியது. அவள் வேலை தேடிப் போனாள். இங்கேதான் நீ தடுமாறினாய். சென்னைப் பெண் ஒருத்திக்கு என்ன வேலை கொடுப்பது என்று உனக்குத் தோன்றவில்லை. கண்ணெதிரே இருந்ததை எடுத்துக்கொண்டாய்.

"ஒரு நெல் மில்லில், களத்தில் நெல் துழாவும் வேலை கிடைத்தது. குழந்தையை மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு..."

அஞ்சலை கொல்லென்று சிரித்தாள். "இன்னா டீச்சர்! கார்ல போயிக்கினு இருந்தவ நெல்லு துயாவ வந்துட்டாளா? கால் வெந்து பூடுமே! அதுக்கில்லாம அவளுக்கு ஏது கொயந்த? போன வாரம் வரிக்கும் இல்லியே!"

உன் உதடு காய்ந்துபோனதை நான் பார்த்தேன். ஒரே ஒருத்தி வாயைத் திறந்தால் போதும், எல்லாம் குலைந்துவிடும். அந்த ஒருத்தி மூட்டைமேல் இருந்தபடி வாயைத் திறந்தாள்.

"பொறந்துச்சே" என்றாள் சரோஜா. "நடுவுல ஒரு வாரம் பெரிய டீச்சர் ஊருக்குப் போயிருந்தாங்க இல்ல, அந்த வாரம் பொறந்துச்சு. நான் படிச்சேன். நெல்லு துழாவறதும் அப்படியேதான் போட்டிருக்கு. நீங்க படிங்க டீச்சர்."

"அந்த ஒரு வாரத்துல இம்மாம் நடந்துடுச்சா!" என்று அஞ்சலை கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

நீ படித்தாய். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து, மூச்சு விடாமல் படித்தாய். துழாவும் நேரம் வந்தது, போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. சுகந்தி களத்தில் வேலை செய்தாள். குழந்தைக்கு அம்மை போட்டு இறங்கியது. புருஷன் ஒரு நாள் வந்து வாசலில் நின்றான். அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், உள்ளே கூப்பிடவில்லை. குழந்தை பள்ளிக்கூடம் போயிற்று. நீ ஒரே பக்கத்தை இத்தனை வருஷத்துக்கு இழுத்தாய். வியர்வை உன் கழுத்தில் ஓடியது. கன்னியம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உன் முகத்தையே பார்த்திருந்தாள். அன்றைக்கு அவள் தன் கேள்வியைக் கேட்கவில்லை.

மில்காரர் வந்தது யாருக்கும் தெரியவில்லை. களத்தில் குனிந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். அது சடக்கென்று முறிந்த சத்தம் புங்கமரம் வரை கேட்டது என்று அஞ்சலை பிறகு சொல்லிச் சிரிப்பாள்.

"அட பாவிங்களா! காயக் காய வுட்டுட்டு இன்னா பண்ணிக்கினு கீறீங்க? இத மிஷின்ல போட்டா அரிசி எங்க வரும், அத்தினியும் நொய்தான் வரும்! டீச்சருங்களா நீங்க? பசங்களுக்குப் பாடம் சொல்லுங்க. எங்க பொயப்ப ஏன் பேஜாராக்கறீங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அளவுக்கு மேல் காய்ந்த நெல் இயந்திரத்தில் நொறுங்கத்தான் செய்யும். களத்தில் கதை படிப்பது அன்றோடு நின்றது. பின்கட்டு அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கும் புகார் போயிற்று. அடுத்த வருஷம் பள்ளி திறந்தபோது உனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. ஆனால் நீ அதற்காக அழவில்லை. நீ அழுதது ஒரே ஒரு தடவை, கதை படித்த மறுநாள், திங்கட்கிழமை காலையில். விடியும்போதே நாம் இருவரும் கொல்லைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்துவைத்துக்கொண்டு நின்றோம். அண்டாவிலிருந்து ஆவி கிளம்பியது. ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கடைசியாக, இடுப்பில் குழந்தையும் தலையில் கூடையுமாகக் கன்னியம்மா வந்தாள். நீ துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாய்.

பிறகு நாம் கடிதங்களில்தான் பார்த்துக்கொண்டோம். உனக்குக் காஞ்சிபுரத்தில் கல்யாணம் ஆயிற்று, எனக்கு இந்தப் பக்கத்திலேயே. நான் அதே ஊரில் பல வருஷம் வேலை பார்த்தேன். கன்னியம்மாவின் மகள் மல்லிகா என் வகுப்பில் உட்கார்ந்தாள். கன்னியம்மா முடி நரைக்கும்வரை அந்தக் களத்தில் நெல் துழாவினாள். புருஷன் திருந்தவில்லை, ஊரும் அவளைக் கொண்டாடவில்லை. காய்ச்சலில் படுத்து, வயதாகித்தான் செத்துப்போனாள். அவளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் நாற்றைச் சொல்வேன். பிடுங்கி நட்ட நாற்று முதலில் தலை சாய்ந்து, மஞ்சளாகிக் கிடக்கும். தெரியாதவர்கள் செத்துவிட்டது என்பார்கள். அது அப்போது அடியில் வேர்விட்டுக்கொண்டிருக்கும் என்பேன். இந்த உதாரணத்தை உனக்கும் எழுதினேன். நீ பதிலில் அதைத் தொடவே இல்லை. ஏன் என்று கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோதுதான் புரிந்தது.

நீ கட்டிலில் மெலிந்து கிடந்தாய். படித்துக் காட்டட்டுமா என்று நாவல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"அன்னிக்கு நான் கன்னியம்மாவைச் சாகாதேன்னு சொல்லிட்டேன். எப்படி வாழணும்னு சொல்லலையேடி. கதைதானே? சுகந்தியை ராணி ஆக்கியிருக்கலாம், டாக்டர் ஆக்கியிருக்கலாம். நெல்லுதான் துழாவ விட்டேன். அவளும் ஆயுசுக்கும் அதையே செஞ்சுட்டுப் போனா. நான் அவளைக் காப்பாத்தினேனா, அந்தக் களத்துலயே கட்டிப்போட்டேனா?"

வாழ்நாளெல்லாம் கேள்விக்குப் பதில் சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். உன் தலையணையைச் சரிசெய்தேன். அடுத்த மாதம் உன் மகன் போன் செய்தான்.

அதனால்தான் போன வாரம் அந்த வாசம் வந்ததும் இறங்கிவிட்டேன் போலிருக்கிறது. மல்லிகா வீட்டைத் தேடிப் போனேன். அவளுக்கும் இப்போது பேரன் பேத்திகள். நீ போய்விட்டாய் என்று சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா அந்த டீச்சரப் பத்தி பேசாத நாளே கெடையாது, டீச்சர்" என்றாள்.

"கதை படிச்சதையா?"

"புக்குல அப்பிடி இல்லன்னு அன்னிக்கே எங்கம்மாவுக்குத் தெரியும். 'பங்களாக்காரி எங்கியாச்சும் நெல்லு துயாவுவாளா? டீச்சரு கண்ணு புக்கு மேலயே இல்ல, எம்மேலதான் இருந்திச்சி. எனக்கோசரம் ஒரு படிச்ச பொண்ணு, வேர்த்து ஊத்தறது தெரியாம, ஒருத்திய கரையேத்திக்கினு கீது. அப்பறம் நான் போயி ஏரில எறங்குனா அதுக்கு இன்னா மரியாத?' அப்பிடின்னு சொல்லும்."

மல்லிகா திடீரென்று சிரித்தாள். சிரிக்கும்போது அவள் அம்மாவின் சாயல்.

"இன்னொண்ணு சொல்லும், டீச்சர். களத்துல ஆளு கம்மியா இருந்தா, அந்த சுகந்தி பக்கத்துல துயாவிக்கினு வராமாதிரியே இருக்குமாம். 'அது பட்டணத்துப் பொண்ணு, காலத் தூக்கித் தூக்கி வெக்கும். அப்பிடி இல்லடி, காலத் தேச்சிக்கினே வா'ன்னு எங்கம்மா கத்துக்குடுக்குமாம். வயசாகி கண்ணு மங்கன அப்பறங்கூட, வூட்டுல தனியாதான கீறியேன்னு கேட்டா, 'ஏன், சுகந்தி கீதே'ன்னு சொல்லும். எங்களுக்கெல்லாம் சிரிப்பா இருக்கும்."

பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தபோது என் கை தானாகப் பைக்குள் போனைத் தேடியது. உன் பெயரை எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. நீ உன் கேள்வியை என்னிடம் கேட்டாய். அவள் தன் பதிலை மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். இரண்டும் என்னிடம் வந்து சேர்ந்தபோது நீங்கள் இருவருமே இல்லை. அவள் உன் களத்தில் கட்டுண்டு கிடக்கவில்லை, அங்கே ஒரு சிநேகிதியோடு நடந்தாள் என்ற இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், அன்றைக்கு இரண்டு பஸ்களை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.